வட்டத்துக்குள் மூன்று புள்ளிகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

பிரஷர் 146/92. தினமும் காலையில் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வரும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று லேபில் சும்மா கிடந்தது. ஒரு நாளுக்கு ஒரு பக்கம். இரண்டு எண்ணை எழுதிவிட்டு மீதியைக் காலியாக விட மனசு வரவில்லை. அதனால் மற்றதையும் எழுதுகிறேன்.

பெயர் வசுமதி. வயது நாற்பத்து மூன்று. ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் பத்தொன்பது வருடமாக டெக்னீசியன். சீழ், சிறுநீர், சளி, எது வந்தாலும் அதில் என்ன கிருமி இருக்கிறது, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்த்துச் சொல்வது வேலை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது டாக்டர் காமாட்சி. அவர் மதுரையிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருவார். மற்ற நாட்களில் நானும் இன்குபேட்டரும்தான்.

கணவர் கதிரேசன், பஸ் டிப்போவில் மெக்கானிக். நான் எழுதுவதைப் பார்த்து, "என்ன, கதையா?" என்றார். "பிரஷர்" என்றேன். போய்விட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

144/90. பெண்கள் அறுவைசிகிச்சை வார்டிலிருந்து ஒரு சீழ் சாம்பிள். சீனியம்மாள், 38, சத்திரப்பட்டி. குடல்வால் வெடித்து ஆறு நாள் முன்பு ஆபரேஷன் ஆனவர். தையல் போட்ட இடத்தில் சீழ், காய்ச்சல். கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய பிளேட்டில் தேய்த்து இன்குபேட்டரில் வைத்தேன்.

வீட்டில் கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. கடை மாவு வாங்கினோம். புளிக்கவே இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

148/92. சீனியம்மாள் பிளேட்டில் நன்றாக வளர்ந்திருக்கிறது. எண்டரோபாக்டர். குடலில் சாதுவாக இருக்கும்; இடம் மாறினால் தொந்தரவு. அதைப் புது பிளேட் முழுக்கப் பரப்பி, மருந்து ஊறவைத்த காகித வில்லைகளை அங்கங்கே வைத்தேன். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி ஒன்றும் வளராமல் சுத்தமான வட்டம் விழும். வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து கேட்கும். இதை ஒரு லட்சம் தடவையாவது செய்திருப்பேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

150/94. எட்டு நாளைக்கு ஒரு முறை வரும் நல்ல தண்ணீர் இன்று காலை பதினொரு மணிக்கு விடுவதாக வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். கதிரேசன் டூட்டியில் இருந்தார். ஒரு மணி நேரம் பெர்மிஷன் போட்டேன். அதற்குள் பதினான்கு பிளேட் பார்க்க வேண்டியிருந்தது.

சீனியம்மாள் பிளேட்டில் வட்டங்கள் எல்லாம் பெரிதாக விழுந்திருந்தன. ஒரு வட்டத்துக்குள் மட்டும் இரண்டு மூன்று புள்ளி. தூசியாக இருக்கும். அளந்து, மருந்து கேட்கும் என்று எழுதினேன். காமாட்சி மேடம் நாற்பது ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு டிரம்மும் எட்டுக் குடமும் நிறைந்தன.

ஆகஸ்ட் 9, சனி

144/90. தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. வடிகட்டினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

142/88. சீனியம்மாளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மூன்று நாளாக நாங்கள் எழுதிய ஊசிதான் போடுகிறார்கள். மருந்தகம் அருகில் அவருடைய கணவர் என்னை நிறுத்தினார். சங்கிலி என்று பெயர் சொன்னார். இருவருமே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியில் வேலை செய்கிறார்கள்.

"எந்த ஊசி கேக்கும்னு நீங்கதான் பாத்து எழுதினதா சிஸ்டர் சொன்னாக."

"அது என் வேலைங்க."

"இருக்கட்டும் மேடம். நேத்து ரெண்டு இட்லி தின்னா. பத்து நாளைக்கப்புறம் நேத்துதான்."

பையிலிருந்து ஒரு சுருள் பேண்டேஜ் துணியை எடுத்துக் கொடுத்தார். இட்லித் துணிக்கு நன்றாக இருக்கும் என்றார். வேண்டாம் என்றால் அவர் முகம் கோணும் போலிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

154/96. சீனியம்மாளுக்கு மறுபடி காய்ச்சல், 103. வயிறு கல் மாதிரி இருப்பதாக வார்டு சிஸ்டர் பிலோமினா சொன்னார். புது சீழ் சாம்பிள் வந்தது. போட்டாயிற்று.

கிரைண்டர் பெல்ட் மாற்றினோம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

158/98. அதே எண்டரோபாக்டர் வளர்ந்திருக்கிறது. வில்லைகள் வைத்தேன். ஸ்டேப்ளர் வாங்க இரண்டு முறை வார்டுக்குப் போனேன். முதல் தடவை ஸ்டேப்ளரை மறந்துவிட்டேன். சீனியம்மாள் படுக்கை வரை போகவில்லை.

இன்று வேலை குறைவு. ஆகவே இதை எழுதி வைக்கிறேன். கிருமிக்கு மூளை கிடையாது, கண் கிடையாது. ஆனாலும் வெளியே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியும். அதற்கென்று சில புரதங்கள் வைத்திருக்கிறது. எண்டரோபாக்டரிடம் மருந்தைத் தின்றுவிடும் ஒரு நொதியைச் செய்ய மரபணு உண்டு. எப்போதும் செய்துகொண்டிருந்தால் வீண் என்பதால் ஒரு புரதம் அந்த மரபணுவின் மேல் உட்கார்ந்து அதை மூடி வைத்திருக்கும். மருந்து வந்து கிருமியின் சுவரை உடைக்கும்போது சுவரின் துணுக்குகள் உள்ளே குவியும். துணுக்கு வந்து ஒட்டியதும் அந்தப் புரதம் வளைந்து கொடுக்கும். மரபணு திறக்கும். நொதி வரும். ஆபத்து தீர்ந்தால் துணுக்கு குறையும், புரதம் பழையபடி மூடிக்கொள்ளும். அளவான ஏற்பாடு.

கோடியில் ஒன்றிரண்டு கிருமிக்கு இந்த ஏற்பாடு கெட்டுப்போயிருக்கும். கதவு மூடவே மூடாது. நொதி கொட்டிக்கொண்டே இருக்கும். மருந்து கொடுத்தால் மற்ற எல்லாம் செத்து, அந்த ஒன்றிரண்டு மட்டும் மிஞ்சும். மூன்று நாள் நோயாளி தேறின மாதிரி இருக்கும். பிறகு மிஞ்சியது பெருகும்.

அதனால்தான் எண்டரோபாக்டர் வந்தால், அந்த வகை மருந்து சோதனையில் கேட்டாலும் சிகிச்சையின் நடுவில் கேட்காமல் போகலாம் என்று ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். காமாட்சி மேடம் இதை டைப் அடித்து எங்கள் சுவரில் ஒட்டி இரண்டு வருடம் ஆகிறது.

இது பொதுவாக எழுதியது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

160/98. விடுமுறை. மேடம் வரவில்லை. காலையில் கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். முடிந்ததும் லேபைத் திறந்து பிளேட்டை எடுத்தேன். அவருக்குப் போட்டுவரும் ஊசிக்கு வட்டமே இல்லை. வில்லையின் விளிம்புவரை வளர்ந்திருந்தது. கார் பார்க்கிங்கில் ஓடிப் பிடித்து சர்ஜன் டாக்டர் ஜெயசீலனிடம் சொன்னேன்.

"இது அதே கிருமியா, இல்ல வார்டுல புதுசா ஒட்டினதா?" என்று கேட்டார்.

"பேர் ஒண்ணுதான் சார். அதேதானான்னு பாக்கணும்."

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஊசியை உடனே மாற்றினார். வார்டில் புதிதாக ஒட்டியதுதான் என்று மதியத்துக்குள் அவரே ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார். காயத்துக்குக் கட்டு மாற்றும் பாக்கியத்தை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்த ஆள். கையுறை மாற்றாமல் அடுத்த படுக்கைக்குப் போனாராம்.

"யார் பாத்தா?" என்று பிலோமினா சிஸ்டரிடம் கேட்டேன்.

"யாரும் பாக்கல. புதுசா ஒட்டியிருந்தா வேற எப்படி வந்திருக்கும்னு கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

பாக்கியம் என் பிரிவு இல்லை. ஒன்பது வருடமாகக் காலையில் என் லேப் வாசலில்தான் செருப்பைக் கழற்றி வைப்பார்.

ஆகஸ்ட் 16, சனி

162/100. சீனியம்மாளுக்கு இரண்டாவது ஆபரேஷன். வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்தது. குடலில் ஒரு சாண் எடுக்க வேண்டியிருந்ததாம். ஐசியூவில் இருக்கிறார்.

வளர்த்த கிருமிகளைக் கொஞ்ச நாள் குளிர்பெட்டியில் வைத்திருப்போம். எட்டாம் தேதி கிருமியை எடுத்தேன். புது பிளேட்டில் பரப்பி, அந்த மருந்து வில்லைக்குப் பக்கத்தில் வேறொரு வில்லை வைத்தேன். இந்த இரண்டாவது மருந்தின் வேலை கிருமியைச் சீண்டுவது. சீண்டினால் முதல் மருந்தை எதிர்க்கிறதா என்று பார்க்கலாம். யாரும் கேட்காத டெஸ்ட். சும்மா.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பிரஷர் பார்க்கவில்லை.

லேபில் குடையை மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வெளியே மழையும் இல்லை, மேகமும் இல்லை. கதிரேசன் ஒன்றும் கேட்கவில்லை.

பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டம் வட்டமாக இல்லை. சீண்டும் வில்லை இருந்த பக்கம் சப்பையாக, கத்தியால் வெட்டிய மாதிரி இருந்தது. அந்தப் பக்கத்துக் கிருமிகள் தெரிந்துகொண்டு நொதி செய்திருக்கின்றன. மறுபக்கம், சுத்தமாக இருக்க வேண்டிய இடத்தில், புள்ளிகள். எண்ணினேன். மூன்று.

தூசி வளராது. எட்டாம் தேதி நான் பார்த்ததும் தூசி இல்லை. அது எனக்கு எட்டாம் தேதியே தெரியும். அன்று புள்ளியைக் கிள்ளி மறுபடி சோதித்தால் ஒரு நாள் கூடும், மேடத்திடம் சொல்ல வேண்டும், மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது, தண்ணீர் பதினொரு மணிக்கு. அடியில் போட வேண்டிய வரியையும் போடவில்லை. அதை டைப் அடிக்க அரை நிமிடம் ஆகும்.

இன்று மூன்று புள்ளியையும் கிள்ளித் தனித்தனியாகப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் கதிரேசன் கேட்டார்.

"கொடை எங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

"அந்தப் பொம்பளைக்கு ஊசி மாத்தியாச்சுல்ல?"

"மாத்தியாச்சு."

"அப்ப மிச்சம் இருக்கறது பாக்கியம்." உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார். "பிரேக்ல சத்தம் கேட்டும் வண்டிய ரூட்டுக்கு விட்டது நான்னு வச்சுக்க. அதுக்கு டிரைவர வேலைய விட்டுத் தூக்குனா நான் டிப்போவுல சோறு திங்க முடியுமா?"

"முடியாது."

"சாம்பாருக்கா, பொரியலுக்கா இது?" என்று கேட்டார். சாம்பாருக்கு என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

164/100. மூன்று புள்ளியும் அந்த ஊசிக்கு அடங்கவில்லை. இரண்டாவது சாம்பிளில் வந்த கிருமியோடு எல்லாச் சோதனையிலும் ஒத்துப்போகின்றன. எங்கள் லேபில் காட்ட முடிந்த அளவுக்கு இரண்டும் ஒன்று. வார்டில் எதுவும் ஒட்டவில்லை. ஆரம்பத்திலிருந்தே சீனியம்மாளின் வயிற்றில் இருந்ததுதான்.

பிளேட்டுகளை எடுத்துக்கொண்டு டாக்டர் ஜெயசீலன் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். பார்த்தார்.

"அந்த ஒரு வரி இருந்திருந்தா நான் அந்த ஊசிக்கே போயிருக்க மாட்டேன்."

"ஆமா சார்."

"எனக்கும் தெரிஞ்சிருக்கணும். எண்டரோபாக்டர்னு போட்டிருந்துச்சு. சென்சிடிவ்னு பாத்ததும் எழுதிட்டேன்." பிளேட்டை மேசையில் வைத்தார். "கையெழுத்து உங்களுது இல்ல. காமாட்சி மேடத்தோடது. இத ஏன் தூக்கிட்டு அலையறீங்க? பேஷண்ட் தேறிடுவாங்க. இத வெளிய எடுத்தா மூணு பேருக்கும் தலைவலி."

"பாக்கியம் சார்."

"யாரு?"

"கட்டு மாத்தறவங்க. மூணு நாளா வீட்ல இருக்காங்க."

அவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. நான் பிளேட்டுகளை எடுத்துக்கொண்டேன். நாளைக்கு மேடம் வருவார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

158/96. காமாட்சி மேடம் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நின்றபடியே கேட்டார். பிறகு எட்டாம் தேதி ரிப்போர்ட்டின் நகலை எடுக்கச் சொன்னார். தன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"புள்ளியப் பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"என்னன்னு நெனச்சீங்க?"

"தூசின்னு நெனைக்கணும்னு நெனச்சேன்."

சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நான் பிளேட்டையே பாக்கல. நாப்பது காகிதம், நாப்பது கையெழுத்து. வசுமதி, உங்க மேல எனக்குக் கோவம் இருக்கு. என் மேலயும் இருக்கு. உக்காருங்க. ரெண்டு பேரும் எழுதுவோம்."

நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினோம். அவருடையது என்னுடையதைவிட நீளம். குடும்பத்திடம் யார் சொல்வது என்று கேட்டேன். "சர்ஜன் சொல்லணும். நான் அவர்கிட்ட பேசறேன். நீங்க கூட இருங்க" என்றார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

156/96. ஐசியூவுக்கு வெளியே டாக்டர் ஜெயசீலன் சங்கிலியிடம் சொன்னார். ஒளிக்கவில்லை, ஆனால் ஆங்கிலத்தில் பாதி சொன்னார். சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குப் போய்விட்டார். சங்கிலி என் பக்கம் திரும்பினார்.

"அவர் சொன்னது எனக்கு வெளங்கல. நீங்க சொல்லுங்க."

சொன்னேன். மருந்து சுவரை உடைப்பது, துணுக்கு, அதை உணரும் புரதம், திறக்கும் கதவு, மூடாத கதவு. தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"எங்க தறியில ஒரு சின்னக் கம்பி இருக்கு. ஊடை நூல் அறுந்தா அதுக்குத் தெரியும். தறிய நிப்பாட்டிரும். அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான். அந்தக் கம்பி கெட்டுப்போன சிலது உள்ள இருந்துச்சு. அத நான் மொத நாளே பிளேட்ல பாத்தேன். எழுதாம விட்டுட்டேன்."

"மறந்துட்டீகளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்தார்.

"இல்ல. அவசரம். வீட்டுக்குப் போகணும்னு இருந்தேன்."

"எழுதியிருந்தா இந்த ரெண்டாவது ஆப்ரேசன் இல்லயா?"

"இருந்திருக்காதுன்னு நெனைக்கிறேன். அடிச்சுச் சொல்ல முடியாது."

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. திரும்பி, "நீங்க போங்க மேடம். ஏதாவது சொல்லிருவேன்" என்றார்.

போனேன்.

ஆகஸ்ட் 23, சனி

152/94. மெமோ வந்தது. மூன்று மாதத்துக்கு நான் பார்க்கும் ஒவ்வொரு பிளேட்டையும் இன்னொருவர் பார்த்த பிறகே ரிப்போர்ட் போக வேண்டும். மேடம் வராத நாட்களில் செல்போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். விசாரணை முடியும்வரை பிளேட்டுகளை வைத்திருக்கச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

150/92. லேப் வாசலில் பாக்கியத்தின் செருப்பு. வார்டுக்குப் போகாமல் நேராக உள்ளே வந்தார்.

"நீங்க லெட்டர் குடுத்தீங்களாமே."

"ஆமா."

"ஒம்பது நாள் வீட்ல இருந்தேன். பீரோ எல்லாம் ஒழிச்சேன்." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "அந்தப் பதினஞ்சாந்தேதியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஒரு நாள்ல எத்தனை கையுறை மாத்தறேன்னு எனக்கே தெரியாது மேடம். ஒருவேளை மாத்தாம போயிட்டேனோன்னு ஒம்பது நாளும் நெனச்சுப் பாத்துட்டே இருந்தேன்."

 நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருக்காமல் வார்டுக்குப் போனார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

146/90. சீனியம்மாள் வார்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி குடிக்கிறார். இதை பிலோமினா சிஸ்டர் சொன்னார். நான் போகவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

விசாரணை முடிந்தது, பிளேட்டுகளை அழித்துவிடலாம் என்று காலையில் கடிதம் வந்தது. சீனியம்மாளுக்கு இன்று டிஸ்சார்ஜ். மதியம் லேப் கதவு தட்டும் சத்தம். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். பின்னால் வராந்தாவில் சங்கிலி, பைகளோடு. என்னைப் பார்க்காமல் நோட்டீஸ் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

அதுவரை நான் சீனியம்மாளை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. சீழைத்தான் பார்த்திருக்கிறேன். குள்ளமான உருவம். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"நீங்கதானா வசுமதி?"

"ஆமா."

"அந்தப் பூச்சியக் காட்டுங்க."

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. விட்டேன். மூடியில் டேப் ஒட்டிய பிளேட்டை மேசையில் வைத்து, புள்ளிகளைக் காட்டினேன். தொடச் சொல்லவில்லை, அவரும் தொடவில்லை. குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு நிமிடம் பார்த்தார்.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்."

"இத என்ன செய்வீக?"

"ஆட்டோகிளேவ்னு பெரிய குக்கர் மாதிரி இருக்கு. அதுல வச்சு ஆவியில கொன்னுருவோம்."

"வைங்க. பாத்துட்டுப் போறேன்."

"முக்கால் மணி நேரம் ஆகும்மா. உங்களால உக்கார முடியாது."

"ஒரு மாசத்துக்கு மேல படுத்தேதான் கெடந்தேன். உக்காருறேன்."

முக்காலியைச் சுவரோரம் போட்டேன். எல்லாப் பிளேட்டையும் பையில் கட்டி ஆட்டோகிளேவில் இறக்கி, மூடியைத் திருகி, சுவிட்சைப் போட்டேன். முள் ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிறுநீர் சாம்பிள்களை வரிசைப்படுத்தினேன்.  ஒரு முறை சங்கிலி எட்டிப் பார்த்து, "பஸ்ஸு போயிரும்" என்றார். "அடுத்த பஸ்ஸு வரும்" என்றார் சீனியம்மாள். ஒரு முறை வலியில் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

ஆவி இறங்கியதும் மூடியைத் திறந்து காட்டினேன். பிளேட்டுகள் உருகிச் சுருண்டிருந்தன.

"நல்லா வெந்துருச்சா?"

"வெந்துருச்சு."

தலையை ஆட்டினார். எழுந்திருக்க நான் கை நீட்டினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார்.

"எனக்குக் கோவம் இருக்கு மேடம். இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா மறந்துட்டேன்னு நீங்க சொல்லலயாம். அவரு சொன்னாரு." சேலையை வயிற்றின் மேல் சரிசெய்துகொண்டார். "வாரேன்."

அவர்கள் வராந்தாவைக் கடக்க ரொம்ப நேரம் எடுத்தது. திரும்பும் இடம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அடுத்த பிளேட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தேன்.